வாளித் தண்ணீரில் தேறியவை: காட்டுக்கும் மலைக்கும் எதைக் கொண்டுபோவது?

ஒரு வாளியில் பாதித் தண்ணீர், அதில் இரண்டு தட்டு ஐஸ் கட்டி. இரண்டு கையையும் மணிக்கட்டு வரை முக்கி மூன்று நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். முதல் நிமிடம் வலிக்கும், இரண்டாவதில் எரியும், மூன்றாவதில் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாத அந்த நிலைதான் நமக்கு வேண்டியது. கையை வெளியே எடுத்து, துடைக்காமல், ஒரு லைட்டரைப் பற்றவைத்துப் பாருங்கள்.

முதல் தடவை நான் இதைச் செய்தபோது தங்கை பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றாள். கட்டைவிரலால் சக்கரத்தைத் தேய்க்கிறேன், விரல் வழுக்குகிறது. மறுபடி தேய்க்கிறேன், சக்கரம் சுற்றுகிறது, பொறி வரவில்லை. "பதினோரு தடவை ஆச்சுண்ணா. இத்தனைக்கும் இங்க மழையும் இல்ல, இருட்டும் இல்ல" என்றாள். பதினான்காவது தடவையில் பற்றியது. (இதய நோயோ விரல்களில் ரத்த ஓட்டக் கோளாறோ உள்ளவர்கள் இந்த வாளிப் பக்கமே போக வேண்டாம். தடித்த கையுறை போட்டுக்கொண்டு இதே வேலையைச் செய்து பார்த்தாலும் ஏறக்குறைய அதே தடுமாற்றம் கிடைக்கும்.)

இந்தக் கூத்துக்குக் காரணம் ஒரு மழை. நாலு மணி நேர நடை என்று கிளம்பிய மலைப்பாதையில் வழி தவறி, இருட்டிய பிறகு ஒரு பாறையடியில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தேன். பனிப்புயல் எதுவும் இல்லை, வெறும் மழையும் காற்றும்தான். பையில் உயிர்காப்புப் பெட்டி என்று பெயர் போட்ட தகர டப்பா ஒன்று இருந்தது. உள்ளே இருபதுக்கு மேல் சாமான். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பின் நுனி விரலுக்கு அகப்படவே இல்லை. பல்லால் கடித்துப் பிரித்தேன். தீக்குச்சிகள் நன்றாகத்தான் இருந்தன, உரசும் பட்டை ஊறிப்போயிருந்தது. தூண்டில் முள் மட்டும் பத்திரமாக, ஈரம் படாமல் இருந்தது.

அன்றிலிருந்து எந்தச் சாமானையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் பைக்குள் விடுகிறேன். கை மரத்து, இருட்டி, நனைந்து கிடக்கும்போது இதை என்னால் பயன்படுத்த முடியுமா? பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

டப்பாவாக வாங்குவதா, தனித்தனியாகச் சேர்ப்பதா?

காட்டில் சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: காற்று இல்லாமல் மூன்று நிமிடம், கடுங்குளிரில் ஒதுங்க இடமில்லாமல் மூன்று மணி நேரம், தண்ணீர் இல்லாமல் மூன்று நாள், சோறு இல்லாமல் மூன்று வாரம். துல்லியமான மருத்துவக் கணக்கு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எது முதலில், எது கடைசியில் என்ற வரிசையை இது சரியாகச் சொல்லிவிடுகிறது. ஆயத்த டப்பாக்களில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன. தூண்டில், கண்ணிக் கம்பி, கம்பி ரம்பம் என்று மூன்று வாரத்துக்குப் பிறகு வரப்போகும் பசிக்கு ஏற்பாடு பலமாக இருக்கும். மூன்று மணி நேரத்தில் வரும் குளிருக்கு ஒன்றும் இருக்காது. கம்பி ரம்பத்தை ஒருமுறை மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையில் போட்டு இழுத்துப் பார்த்தேன். பாதி அறுப்பதற்குள் சூடேறி அறுந்தது.

சியாட்டில் நகரத்து 'தி மவுண்டெனியர்ஸ்' மலையேற்றக் கழகம் 1930-களில் தொகுத்த 'பத்து அத்தியாவசியங்கள்' பட்டியல் இதைவிட எவ்வளவோ மேல். வரைபடம், திசைகாட்டி, விளக்கு, கூடுதல் உடை, முதலுதவி, நெருப்பு, கத்தி என்று அது போகும். அதில் தூண்டில் கிடையாது. தேடுவோர் வந்து சேரும்வரை ஓர் இரவோ இரண்டு இரவோ தாக்குப்பிடிப்பதுதான் நம்மில் பலருக்கு நேரக்கூடியது. அதற்கு மீன் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே தனித்தனியாகச் சேர்ப்பதுதான் என் கட்சி. ஒன்றொன்றாக வாங்கும்போது ஒன்றொன்றையும் பிரித்துப் பார்க்கிறோம். டப்பா வாங்கினவர் அதைப் பிரிப்பதே இல்லை, நான் உட்பட.

நெருப்பு

போட்டியில் மூன்று பேர்: லைட்டர், தீக்குச்சி, ஃபெரோ ராட். இந்த மூன்றாவது, எஃகு விளிம்பால் சுரண்டினால் பொறி கொட்டும் கறுப்புக் கம்பி. சீரியம், லாந்தனம் போன்ற உலோகங்களோடு இரும்பு சேர்த்த இந்தக் கலவைக்கு ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-இல் காப்புரிமை வாங்கினார். லைட்டர் சக்கரத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் துளியூண்டு 'கல்'லும் இதே சரக்குதான். அதனால்தான் வாயு தீர்ந்துபோன லைட்டரும் பொறி விடுகிறது. நல்ல பஞ்சு கையில் இருந்தால் அதை வைத்தே சமாளிக்கலாம்.

ஃபெரோ ராட் பக்தர்கள் சொல்வது எல்லாம் உண்மை. பொறியின் சூடு 3,000 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், நனைந்தாலும் துடைத்துவிட்டுச் சுரண்டலாம், ஆயிரக்கணக்கான தடவை தாங்கும். அவர்கள் சொல்லாதது, பொறி வேறு, தீ வேறு என்பது. பொறி விழும் இடத்தில் உலர்ந்த, பஞ்சுபோன்ற பொருள் இல்லாவிட்டால் வெறும் மத்தாப்புதான். மரத்துப்போன கையோடு நான் சுரண்டியபோது முதல் நாலு தடவையும் கம்பியை முன்னே தள்ளி, அடுக்கி வைத்த பஞ்சைக் கலைத்துவிட்டேன். பிறகுதான் தந்திரம் பிடிபட்டது. சுரண்டும் தகட்டை அசைக்காமல் பஞ்சுக்கு மேல் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். பஞ்சு கலையாது, பொறியும் ஒரே இடத்தில் விழும். இதைக் காட்டில் போய்க் கற்றுக்கொள்ள முடியாது. இன்னொன்று: புதுக் கம்பியின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டி எடுக்காமல் பொறி வராது. வாங்கிய உறையோடு பையில் போட்டவருக்கு அந்த ராத்திரியில்தான் இது தெரியவரும்.

லைட்டரின் பலவீனம் குளிர். உள்ளே இருக்கும் பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில்தான் வாயுவாக மாறுகிறது. அதற்குக் கீழே போனால் திரவமாகவே கிடந்து, சுடர் சுருங்கி அணைந்துவிடும். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். நனைந்த லைட்டரை வேகமாக ஊதி, சக்கரத்தை உலர்ந்த துணியில் பலமுறை உருட்டினால் ஓரிரு நிமிடத்தில் உயிர் வரும். பட்டனை அழுத்திப் பற்றவைக்கும் மின்பொறி லைட்டரை நான் சேர்த்துக்கொள்வதில்லை. உயரமான மலைகளில் அது கைவிடும் என்பது மலையேறுவோர் எல்லோருக்கும் தெரிந்த கதை.

தீக்குச்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காற்றிலும் மழையிலும் பத்துப் பதினைந்து வினாடி எரியும் புயல் குச்சிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் பட்டை நனைந்தால் குச்சியும் போச்சு.

என் முடிவு: சக்கர லைட்டர் இரண்டு, ஒன்று கால்சட்டைப் பையில், ஒன்று முதுகுப் பையில். ஃபெரோ ராட் ஒன்று, கழுத்துக் கயிற்றில், மாற்று ஏற்பாடாக. இந்த மூன்றையும்விட முக்கியமானது வாஸ்லின் தடவிய பஞ்சு. ஒரு உருண்டையை விரல்நகத்தால் பிய்த்து நார் நாராக விட்டால் ஒரே பொறியில் பற்றி, சில நிமிடம் நின்று எரியும். ஈர விறகைக் காயவைத்துப் பிடிக்க வைப்பது அந்தச் சில நிமிடம்தான். பழைய லிப் பாம் டப்பாவில் பத்து உருண்டை அடங்கும். திருகு மூடி வேண்டாம், அழுத்தித் திறக்கும் மூடியாகப் பாருங்கள்.

தண்ணீர்

இங்கேதான் விளம்பரம் அதிகம், குழப்பமும் அதிகம். அடிப்படையில் மூன்று வழி: கொதிக்க வைப்பது, வடிகட்டுவது, மாத்திரை போடுவது.

கொதிப்பதை எந்தக் கிருமியும் தாண்டாது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம். இதற்குத் தேவை நெருப்பும், தீயில் வைக்கத்தக்க பாத்திரமும். ஒற்றைச் சுவர் கொண்ட ஸ்டீல் பாட்டில் என்றால் பாட்டிலே பாத்திரமாகிவிடும். சூடு ஆறாமல் காக்கும் இரட்டைச் சுவர் பிளாஸ்க்கைத் தீயில் வைத்துவிடாதீர்கள். நடுவே அடைபட்டிருக்கும் வெளி வெடிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெந்நீர் ஊற்றி வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்: கை சுட்டால் ஒற்றைச் சுவர். தீயில் வைக்கும்போது மூடியைக் கழற்றிவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

வடிகட்டியில் இன்று பரவலாக இருப்பது நுண்குழாய் நூலிழை வகை. சாயர், லைஃப்ஸ்ட்ரா போன்ற பெயர்களில் வருவது இதுதான். துளையின் அளவு 0.1 அல்லது 0.2 மைக்ரான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் அளவு 4 முதல் 6 மைக்ரான், ஜியார்டியா என்ற இன்னொரு ஒட்டுண்ணி அதைவிடப் பெரியது, இரண்டும் நுழையாது. பாக்டீரியாவும் பெரும்பாலும் நின்றுவிடும். வைரஸ் இந்தத் துளையைவிடச் சிறியது, அது தாராளமாக உள்ளே வரும். மனித நடமாட்டமோ குடியிருப்போ மேலே இருக்கிற ஓடை என்றால் வடிகட்டியை மட்டும் நம்பக் கூடாது. பூச்சிமருந்தையோ உலோக நஞ்சையோ இவற்றில் எதுவும் எடுக்காது, கொதிக்க வைப்பதும் சேர்த்துத்தான்.

வடிகட்டியில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது வேறொன்று. ஒருமுறை நனைந்த நூலிழை ஒரே ஒரு தடவை உறைந்தாலும் உள்ளே விரிசல் விடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. தண்ணீர் முன்போலவே வரும், சொல்லப்போனால் முன்னைவிட வேகமாகக்கூட வரும். நாம்தான் வடிகட்டிய தண்ணீர் என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருப்போம். குளிர் பிரதேசத்தில் அதை ராத்திரி படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். உறைந்ததோ என்ற சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட வேண்டியதுதான். உறிஞ்சு குழாய் வடிவில் வருவதற்கு இன்னொரு குறை: ஓடையில் குப்புறப் படுத்துக் குடிக்கலாம், ஆனால் குடித்தது போக எடுத்துப்போக வழியில்லை. பாட்டிலில் திருகி மாட்டும் வகைதான் உருப்படி.

குளோரின் டைஆக்ஸைடு மாத்திரைக்கு எடையே இல்லை. பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் அரை மணி நேரம், கிரிப்டோவுக்கு நான்கு மணி நேரம். தாகத்தோடு நான்கு மணி நேரம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று வீட்டில் ஒரு மதியம் இருந்து பாருங்கள். அயோடின் மாத்திரை இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது கிரிப்டோவை நம்பத்தக்க வகையில் கொல்வதில்லை. வாளிச் சோதனையில் மாத்திரை தோற்றது வேறு காரணத்தால். அது வரும் அலுமினிய உறை குழந்தைகள் கிழிக்க முடியாதபடி தடிமனானது, மரத்த விரலுக்கும் கிழியவில்லை. கத்தரிக்கோல் கூடவே இருக்க வேண்டும்.

மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தபின் வந்து நின்ற இடம் இது. ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டில் எப்போதும் உண்டு. கூடவே மாத்திரை ஒரு பட்டை, காய்ச்சல் வந்து விறகு பொறுக்கவே முடியாமல் போனால் என்ற கணக்கில். வெப்பமான நாட்களில் நெடுந்தூரம் என்றால் மட்டும் வடிகட்டி. கலங்கல் தண்ணீரை முதலில் தெளியவிட்டு, துணியில் வடித்துவிட்டு இதில் எந்த வழிக்கும் போங்கள். சேறு வடிகட்டியை அடைக்கும், மாத்திரையின் வீரியத்தையும் தின்றுவிடும்.

குளிரும் நனைதலும்

உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்கிவிட்டது. இதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. வெளியே பத்து டிகிரி இருந்தாலும் நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் போதும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. பேச்சுக் குழறல், பொத்தான் போட முடியாமை, பிறகு ஒருவித அலட்சியம் என்று வரும். அந்த அலட்சியம் வந்தபின் பையில் என்ன இருந்தால் என்ன?

பளபளக்கும் மைலார் போர்வையைப் பார்த்திருப்பீர்கள். 1964-இல் விண்வெளிப் பணிக்காக நாசா உருவாக்கியது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியம் படியவைத்தது. உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் சூட்டில் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்பார்கள். அந்தக் கணக்கில் பொய் இல்லை, கதிராக மட்டும்தான் சூடு போகிறது என்று நினைப்பதில்தான் தவறு. ஈரத் தரை உறிஞ்சுவது, காற்று அள்ளிக்கொண்டு போவது, இந்த இரண்டையும் விரித்த போர்வை தடுக்காது. மேசை விசிறியை வேகமாக வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து இந்தப் போர்வையைப் போர்த்திக்கொள்ள முயன்றேன். ஒரு கையால் கழுத்தடியையும் மறு கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது நிமிடம் மடிப்பில் ஒரு கீறல் விழுந்தது, விழுந்தது நேரே அடிவரை போய்விட்டது. சத்தம் வேறு.

அதே பொருளில் பை வடிவில் வருவது, உள்ளே புகுந்துகொள்ளும் பிவி, நூறு கிராம் சுற்றுத்தான் இருக்கும். விசிறி அதை ஒன்றும் செய்யவில்லை. குறை, வியர்வை வெளியேறாமல் உள்ளேயே துளிர்க்கும். பையின் வாயை மூடிவிடாமல் மூச்சுக்காற்றை வெளியே விட வேண்டும். இதைவிட மலிவான போட்டியாளர் தடித்த பெரிய குப்பைப் பை. மூலையில் முகத்துக்கு மட்டும் துளை வெட்டித் தலைவழியே மாட்டிக்கொண்டால் மழைக்கோட்டு; இலைச்சருகு அடைத்தால் மெத்தை. ஆரஞ்சு நிறத்தில் கிடைத்தால் தேடுவோர் கண்ணிலும் படும். பார்க்க அசிங்கம், அதனால்தான் யாரும் பரிந்துரைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

தார்ப்பாய் குழுவாகப் போகிறவர்களுக்கு. அதைக் கட்ட நாலு முடிச்சாவது கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிய வேண்டும், மரமும் வேண்டும். தனியாளுக்கு என் தேர்வு பிவி ஒன்று, குப்பைப் பை ஒன்று. எதில் ஒதுங்கினாலும் அடியில் முதுகுப் பையையோ கயிற்றையோ போட்டு உட்காருங்கள். நான் அந்தப் பாறையடியில் நேரே ஈரக்கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

கத்தி

மடக்காத கத்தி, மடக்குக் கத்தி, பலகருவி. இதில் சண்டை போட ஆள் நிறைய. எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான்.

10 சென்டிமீட்டர் அலகு கொண்ட மடக்காத கத்தி போதும். மோரா என்ற பெயரில் வருவது போன்ற எளிய வகையே தாராளம். சிராய் சீவ, கயிறு அறுக்க, கட்டுத்துணி கிழிக்க அதற்கு மேல் தேவையில்லை. கார்பன் எஃகு எளிதில் கூர் ஏறும், ஈரத்தில் ஒரே நாளில் துருவும் ஏறும். கடலோரம், மழைக்காடு என்றால் ஸ்டெயின்லெஸ் நல்லது. வாங்கும்போது அலகின் முதுகு விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். செங்கோணமாக, கூர்மையாக இருந்தால்தான் ஃபெரோ ராட்டைச் சுரண்டலாம். மடக்குக் கத்தியை ஈரக்கையால் திறந்து மூடிப் பாருங்கள். பூட்டை விடுவிக்க விரலைக் கூரின் பாதையில் வைக்க வேண்டியிருந்தால் அது மரத்த கைக்கு ஆகாது.

பலகருவியில் நான் உண்மையில் பயன்படுத்தியவை இடுக்கியும் கத்தரிக்கோலும்தான்: சுடும் பாட்டிலைத் தீயிலிருந்து எடுக்க, முள் பிடுங்க, மாத்திரை உறையை வெட்ட. இந்த இரண்டுக்காகவே அதையும் வைத்திருக்கிறேன். ஆனால் மலிவான பலகருவியின் மொக்கைக் கத்தி என்ன செய்யும் என்பதற்கு ஆரன் ரால்ஸ்டன் சாட்சி. 2003 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் யூட்டாவில் புளூஜான் பள்ளத்தாக்கில் பாறை உருண்டு அவருடைய வலக்கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் சிக்கியிருந்து, கடைசியில் கூர் மழுங்கிய அந்தக் கருவியால் தன் கையையே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கத்தியைவிட அந்த விஷயம்தான் பெரியது; எடையே இல்லாத சாமான் அது. கத்தி எடுத்துப்போவதற்குப் போகும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கண்டுபிடிக்கப்படுவது

விசிலுக்குக் காசும் இல்லை, எடையும் இல்லை. உள்ளே உருண்டை இருக்கும் விசிலை வாங்காதீர்கள். எச்சிலிலும் குளிரிலும் உருண்டை ஒட்டிக்கொள்ளும். கனடாவைச் சேர்ந்த கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், ஆட்ட நடுவே தன் விசில் ஊதாமல் போன எரிச்சலில்தான் உருண்டையில்லாத விசிலை உருவாக்க இறங்கினார். ஃபாக்ஸ் 40 என்ற பெயரில் அது 1987-இல் விற்பனைக்கு வந்தது. மூன்று ஊதல் என்றால் உதவி வேண்டும் என்று பொருள். ஆல்ப்ஸிலும் பிரிட்டனிலும் நிமிடத்துக்கு ஆறு. கத்திக் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் தொண்டை போய்விடும், விசில் ஊத மூச்சு இருந்தால் போதும்.

விளக்கு தலையில் மாட்டுவதாக இருக்கட்டும், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். பைக்குள் தானாக எரிந்து தீராதபடி பூட்டு உள்ளதாகப் பாருங்கள். போனின் விளக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தச் சார்ஜ் வரைபடத்துக்கும் அழைப்புக்கும் வேண்டும்.

இனி பெரிய செலவு: செயற்கைக்கோள் வழியாகக் கூப்பிடும் கருவி. இரண்டு வகை. பிஎல்பி என்ற அவசரக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் கோஸ்பஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு மீட்பு வலையமைப்பின் செயற்கைக்கோள்களுக்குக் குரல் கொடுக்கும். ஆன்டெனாவை விரித்து ஒரு பட்டனை அழுத்துவதோடு சரி. சந்தா இல்லை, சார்ஜ் போட வேண்டியதில்லை, பேட்டரி ஆண்டுக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்து, முடுக்கினால் குறைந்தது 24 மணி நேரம் கூப்பிடும். பெயரைப் பதிவுசெய்து வைப்பது நம் பொறுப்பு. பெரும்பாலானவற்றில் பதில் எதுவும் வராது. யாராவது வருகிறார்களா என்பது தெரியாமல் காத்திருக்க வேண்டும்.

செய்தி அனுப்பும் கருவிகள் இருவழி. "கால் முறிவு, இரண்டு பேர், தண்ணீர் இருக்கிறது" என்று எழுதலாம், பதிலும் வரும். மீட்புக் குழுவுக்கு இது எவ்வளவு உதவும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சந்தா கட்ட வேண்டும், சார்ஜ் போட வேண்டும், சின்னத் திரையில் மரத்த விரலால் எழுத்தைத் தேட வேண்டும். 2022-இல் ஐபோன் 14-இல் தொடங்கி சில போன்களிலும் செயற்கைக்கோள் அவசர அழைப்பு வந்திருக்கிறது. எல்லா நாட்டிலும் கிடைக்காது, வானத்தில் செயற்கைக்கோள் இருக்கும் திசையைப் பார்த்துப் போனைப் பிடிக்க வேண்டும்.

வருடத்தில் இரண்டு மூன்று தடவை மட்டும் வெளியே போய், ஒரு வருடம் தொடாமல் வைத்துவிடும் ஆள் என்றால் பிஎல்பி. மாதா மாதம் போகிறவர், வீட்டில் யாராவது கவலையோடு காத்திருப்பவர் என்றால் இருவழிக் கருவி. அனுமதியின்றிச் செயற்கைக்கோள் கருவி வைத்திருப்பதே குற்றம் என்ற சட்டம் சில நாடுகளில் இருக்கிறது, வாங்குமுன் விசாரியுங்கள்.

மீதிச் சாமான்

பாராகார்டு என்ற பாராசூட் கயிற்றில் ஏழு உள்ளிழை இருக்க வேண்டும், சுமார் 250 கிலோ இழுவை தாங்க வேண்டும். நுனியை வெட்டி எண்ணிப் பாருங்கள். பஞ்சு அடைத்த போலிகள் உண்டு. அசலாகவே இருந்தாலும் அதில் தொங்கி ஏறுவது தற்கொலை. அந்தக் கயிற்றில் பின்னிய கைவளையத்தை வாளிச் சோதனைக்குப் பின் பிரிக்க முயன்றேன். "காபி போட்டுட்டு வந்துடறேன்" என்று தங்கை உள்ளே போய்விட்டாள். சுருட்டிய கயிறே போதும். திசைகாட்டியைப் போனுக்கும் காந்த மூடி கொண்ட உறைகளுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், முள் தலைகீழாகத் திரும்பிவிடக்கூடும். முதலுதவியில் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி, ரத்தம் நிறுத்த அழுத்துக்கட்டு, அவரவர் மருந்து. பாம்புக்கடி விஷத்தை உறிஞ்சும் பம்ப் என்று விற்பதை வாங்காதீர்கள், அது விஷத்தை எடுப்பதில்லை.

எல்லாம் சேர்ந்தபின் ஓர் இரவு வெளியே படுத்துப் பாருங்கள். திரும்பி நடந்தால் பத்து நிமிடத்தில் வீடோ வண்டியோ இருக்கிற இடமாக, மழை வருகிற மாதிரி இருக்கும் நாளாகப் பார்த்து. நான் அப்படிப் படுத்த ராத்திரி தெரிந்துகொண்டது ஒரே விஷயம்: விளக்கு பையின் அடியில் இருந்தது. அதைத் தேட விளக்கு வேண்டியிருந்தது. இப்போது லைட்டர், ஃபெரோ ராட், விசில், விளக்கு, கத்தி ஐந்தும் உடம்பிலேயே இருக்கின்றன. பை ஆற்றோடு போனாலும் அவை போகாது. மற்றதெல்லாம் பைக்குள்.

போன வாரம் பையைத் திறந்து பார்த்தேன். மாத்திரையின் காலாவதித் தேதி இரண்டு மாதத்துக்கு முன் முடிந்திருந்தது. மாற்றுக்கு வைத்திருந்த அல்கலைன் பேட்டரி ஒழுகி, பக்கத்திலிருந்த பஞ்சு டப்பாவின் மூடியை ஒட்டவைத்திருந்தது. லித்தியம் பேட்டரி போட்டேன், குளிரிலும் அது நிற்கும். பையின் உள்பக்கம் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, எது எப்போது தீர்கிறது என்று பேனாவால் எழுதியிருக்கிறேன். மூடியைத் திறக்க இடுக்கி தேவைப்பட்டது.